பத்து நொடி முதலாளி

ஓசூர் வட்டாரத்தில் முதலாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. சிப்காட்டுக்கு நிலத்தைக் கொடுத்து முதலாளியானவர் உண்டு. மிச்சமிருந்த நிலத்தில் லேஅவுட் போட்டு முதலாளியானவர் உண்டு. பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்துவிட்டு, பிப்ரவரி 14-ஆம் தேதியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர் உண்டு. ஒரு லேத்தும் ஒரு வங்கிக் கடனும் வாங்கிப் போட்டு 'இண்டஸ்ட்ரீஸ்' என்று போர்டு மாட்டியவர்கள் சந்துக்குச் சந்து உண்டு. யாரும் தங்களை முதலாளி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் பாக்கிக்காரன் வந்து நிற்பான். ஆனால் இதே ஆட்களில் ஒருவர் தை பிறந்ததும் வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, குட்டி யானை வண்டியின் பின்னால் நின்றுகொண்டு, உள்ளே கட்டியிருக்கும் நாலுகால் ஜீவனைக் காட்டி, "நம்மளுதுதான் சார்" என்பார். அப்போது அவர் குரலில் ஏறும் கனம், பட்டறையின் வரவு செலவுக் கணக்கில் எந்த வருஷமும் ஏறியதில்லை.

இவர்தான் எருது ஓனர்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி வேண்டுமென்றால் சிட்கோ பேட்டையில் தேடுங்கள். பெரிய கம்பெனி ஒன்றுக்கு புஷ் கடைந்து கொடுக்கும் வெண்டராக இருப்பார். முடி தடிமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சரக்கு திரும்பிவிடும். கம்பெனியிலிருந்து தரம் பார்க்க ஒரு தம்பி வருவான், நம்மவரின் மகன் வயசுதான் இருக்கும். கேஜை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, தலையை இடமும் வலமும் ஆட்டுவான். "சரிங்க சார்" என்பார் ஓனர். பட்டறை வங்கியில் அடமானம், வீடு இன்னொரு வங்கியில் அடமானம், காரின் ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர். எந்தக் கம்பெனியின் பெயரும் ஏறாத ஒரே சொத்து எருது. அதை வாங்கத்தான் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. மனைவி எல்லோரிடமும் சொல்வார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருது விடும் விழா இரண்டு தினுசு. ஓசூர், சூளகிரிப் பக்கம் கொம்பில் தடுக்கை கட்டி, அதில் வண்ணத்தாள், பலூன், தலைவர் படம் எல்லாம் ஒட்டிக் கூட்டத்துக்குள் விடுவார்கள். முடிந்தவன் பறித்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி தாண்டிப் போகப் போக இதில் கடிகாரம் நுழைந்துவிடும். இரு பக்கமும் தடுப்புக் கட்டிய ஒரு நேர் பாதை, ஒரு முனையில் விடுவார்கள், மறுமுனையில் நொடியும் நொடியின் பின்னமும் குறிப்பார்கள். குறைந்த நேரத்தில் கடந்த எருதுக்குப் பரிசு. டைட்டன் கடிகாரம் செய்கிற ஊரை வைத்திருக்கும் மாவட்டத்தில் நொடிக்கு இந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி?

பரிசு ரொக்கமாக இருக்கும், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள். இங்கேதான் எனக்கு ஓனரின் மேல் தனி மதிப்பு. டிவிஎஸ் 50 கிளம்பிய 1980-லிருந்து இருசக்கர வண்டியைப் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கிற பூமி இது. இப்போது ஏத்தரும் இங்கே, ஓலா போச்சம்பள்ளியில். திரும்பிய பக்கமெல்லாம் வண்டி. நம்மவர் கடைந்த புஷ் ஒன்று அந்தப் பரிசு வண்டிக்குள்ளேயே எங்காவது உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட வண்டியை ஜெயித்துக் கொண்டுவருவதற்காக, அதன் விலையைப்போல இரண்டு பங்கைக் கொள்ளாகவும் பருத்திக்கொட்டையாகவும் ஒரு வாய்க்குள் கொட்டுகிறார். இந்தக் கணக்கை ஒருநாள் அவரிடமே போட்டுக் காட்டினேன். "சார், வண்டி ஷோரூம்லயும் கிடைக்கும். பேரு கிடைக்குமா?" என்றார்.

எருது வாங்குவது தனிக் கூத்து. இவருக்குக் கம்பெனியிலிருந்து விலைப்புள்ளி மின்னஞ்சலில் வரும். எட்டணா குறைக்கச் சொல்லி எட்டு மடல் எழுதுவார்கள். அதே மனிதர் தொட்டபள்ளாபுரம் பக்கத்துக் காட்டி சுப்பிரமணியா சந்தைக்குப் போய், தரகரின் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசிவிட்டு வருகிறார். எந்த விரலுக்கு எத்தனை ஆயிரம் என்பதில் சின்னக் குழப்பம் இருந்ததாகப் பின்னால் கேள்வி. ஆனால் பிடித்த விரலை விட்டுவிட்டு வருவது ஓனருக்கு அழகில்லை.

வந்தது ஹள்ளிகர் காளைக்கன்று. இதன் பாட்டனுக்குப் பாட்டன் திப்பு சுல்தானின் பீரங்கியை இழுத்தவன் என்று தரகர் சொல்லியிருக்கிறார். ஹைதரும் திப்புவும் பீரங்கிக்கு வைத்திருந்தது அமிர்தமகால் மாடுகளை என்று நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். "ரெண்டும் சொந்தக்காரங்கதானே சார்" என்றார் ஓனர் தயங்காமல். தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அது சரிதான். அமிர்தமகாலுக்குள் ஹள்ளிகர் ரத்தம் உண்டு. இன்னொருவர் தன் எருதைப் 'பர்கூர் இனம், நம்ம ஊர் இனம்' என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பர்கூர் அந்தியூருக்கு மேலே ஈரோட்டு மலையில் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துப் பர்கூரில் இல்லை. அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை, கையில் சாட்டை வைத்திருந்தார். நம் பக்கத்துக்கென்றே ஆலம்பாடி என்று ஓர் இனம் அருகிப்போய் மிஞ்சியிருக்கிறது. மேடையில் மண்ணின் மைந்தனாக முழங்குகிறவர்கூடச் சந்தைக்குப் போனால் ஹள்ளிகர் பக்கம்தான் கையை நீட்டுகிறார்.

பெங்களூரு ரேஸ் கோர்ஸ் ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அங்கேயும் ஓனர்கள் உண்டு. கோட்டு போட்டு, கழுத்தில் பைனாகுலர் மாட்டியிருப்பார்கள். அவர்களுடைய குதிரைக்குத் தாய் யார், தகப்பன் யார் என்று ஏழு தலைமுறைக்குப் பதிவு இருக்கும். எந்த மாதத்தில் குட்டி போட்டாலும் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். இரண்டு வயசு ஆனதும் ஓடவிடலாம். நம்மவரின் எருதுக்குப் பிறந்தநாளும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டியதுதான். "ரெண்டு பல் போட்டாச்சு, இந்த வருஷம் விட்டுடலாம்." குதிரைக்காரருக்கு இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. 1200 மீட்டர் ஓடி முடிக்கக் குதிரைக்கு ஒன்றேகால் நிமிடம் ஆகும். பைனாகுலரைத் தூக்கி, கையை முறுக்கி, பக்கத்தில் இருப்பவரின் காலை மிதித்து, கடவுளைக் கூப்பிட்டு, கடைசியில் அவரைத் திட்டவும் அவகாசம் உண்டு. எருது ஓனருக்குக் கிடைப்பதே பத்து நொடி. சில பெயர்போன எருதுகள் அதையும் கொடுப்பதில்லை.

குதிரைக்கும் இந்த மண்ணுக்கும் உறவு இல்லாமல் இல்லை. மத்திகிரியில் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறதே அரசுக் கால்நடைப் பண்ணை, அது 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துக்குக் குதிரை தயார் செய்ய ஆரம்பித்த இடம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஓனர் பைக்கை மெதுவாக்கி, "நாமளும் இவங்களும் ஒரே தொழில்" என்பார்.

குதிரையை இவரிடம் ரொம்பப் புகழக் கூடாது. அதற்குக் காரணம் உச்ச நீதிமன்றம். 1996-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுப் பந்தயத்துக்கும் தடை போட்டபோது, குதிரையின் உடம்பு ஓடுவதற்கு ஏற்றது, காளையின் உடம்பு அப்படியல்ல, வயிறும் மார்பும் பெருத்துப் பீப்பாய் வடிவத்தில் இருப்பதால் அதன் ஓட்டத்துக்கு வரம்பு உண்டு என்கிற பொருளில் எழுதியது. யாரோ இதைத் தமிழில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். நம்மவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பீப்பாயா? எதைப் பார்த்துச் சார் பீப்பாய்னாங்க?" என்று வந்து நின்றார். நான் அவரைப் பார்த்தேன். கைலிக்கு மேல் அவருடைய வயிறும் மார்பும் ஒன்றாகி நின்றன. பேசாமல் தலையை ஆட்டிவைத்தேன். 2017-இல் சட்டம் திருத்தி, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. தீர்ப்பு வந்த அன்று எருதுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்.

வழக்கு தீர்ந்தாலும் அனுமதி தீராது. ஆட்சியர் அலுவலகம், காவல்துறை, கால்நடைத் துறை, தடுப்புக் கட்டை, காப்பீடு என்று ஒவ்வொரு ஊர் விழாவுக்கும் ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். 2023 பிப்ரவரி 2 அன்று சூளகிரிப் பக்கம் கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதும் கூட்டம் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை என்று ரணகளமாகிப்போனது. அதை நியாயப்படுத்தும் ஓனர் என் கண்ணில் படவில்லை. ஆனால் அன்று தன் எருதைக் கூட்டிப் போயிருந்ததாகச் சொல்லாத ஓனரும் படவில்லை.

சரி, முதல் ஓட்டத்துக்கு வருவோம்.

நம்மவர் பயிற்சி கொடுத்ததெல்லாம் வற்றிய ஏரிக்குள். ஒரு முனையில் மகன் கயிற்றைப் பிடித்து நிற்பான். மறுமுனையில் ஓனர் தகர டப்பாவில் பருத்திக்கொட்டையைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு, "வாடா ராஜா, வாடா சின்னவனே" என்று கூப்பிடுவார். மகன் விட்டதும் எருது ஏரி மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும். வந்து டப்பாவுக்குள் மூக்கை விடும். ஓனர் கைப்பேசியில் நேரம் பார்ப்பார். பட்டறையில் ஒரு புஷ்ஷுக்கு எத்தனை நொடி என்று எழுதிவைக்கும் அதே நோட்டில், பின்பக்கத்திலிருந்து எருதின் நொடிகள். 11.8, 11.2, 10.6. டிசம்பர் கடைசியில் ஒருநாள் 9.9. அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் பைக் நிறுத்த இடம் போதுமா என்று டேப் வைத்து அளந்ததை மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஊருக்குள்ளே கேட்டால் மட்டும், "சும்மா பழக்கத்துக்குத்தான் விடறோம். முதல் வருஷம், ஒண்ணும் எதிர்பார்க்கல" என்பார். குதிரைக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள். செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி மாதிரி நூற்றுக்கணக்கில் கோப்பை ஜெயித்தவர்களுக்கு இப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

விழா நாள். விடிகாலை நாலு மணிக்கே குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, கழுத்தில் சலங்கை கட்டியாயிற்று. ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ். அதில் பதினெட்டு முகங்கள். எல்லாம் மச்சான்கள், மாமன்கள், பட்டறைப் பையன்கள், ஒரு வட்டச் செயலாளர். எருது எங்கே என்று தேடினேன். கீழ் மூலையில், ஃப்ளெக்ஸ் அச்சடித்தவரின் கைப்பேசி எண்ணுக்குப் பக்கத்தில் நின்றது. வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவர் எருதைத் திட்டியது தெலுங்கில், கொஞ்சியது கன்னடத்தில், முருகனைக் கூப்பிட்டது தமிழில்.

டோக்கன் வாங்கி, கால்நடை மருத்துவர் வாயையும் கண்ணையும் கொம்பையும் பார்த்து அனுப்பினார். மருத்துவர் எருதைச் சுற்றி வரும்போது ஓனர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கேஜ் வைத்துப் பார்க்கும் தம்பியின் முன்னால் நிற்கும் அதே முகம். "ஓகே" என்றதும், "தேங்க்ஸ் சார்" என்று மருத்துவரின் இரு கையையும் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் பார்வையிலேயே பாஸான முதல் சரக்கு.

பிறகு காத்திருப்பு. ஐந்து மணி நேரம். எருது அசை போட்டுக்கொண்டு நின்றது. ஓனர்தான் ஓடினார். வாடிக்கு ஓடுவார், வண்டிக்கு ஓடுவார், நேரம் குறிக்கிற மேசைக்கு ஓடுவார், மைக் மேடைக்கு ஓடி, தன் பெயரோடு 'இண்டஸ்ட்ரீஸ்' சேர்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு வருவார். ஓடியதை எல்லாம் கூட்டினால் அந்தப் பாதையை முப்பது தடவையாவது கடந்திருப்பார், பீப்பாய் வடிவத்தை வைத்துக்கொண்டு.

இடம் பிரித்ததில்தான் வினை. ஏரியில் நடந்தபடி மகன் விட, அப்பா மறுமுனையில் டப்பாவோடு நிற்பதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் மைக்கில் ஓனர் பெயரைச் சொல்வது வாடியில். போட்டோகிராபர் நிற்பதும் வாடியில். உள்ளூர் கேபிள் சேனல் கேமராவும் வாடியில். ஓனர் கொஞ்சம் யோசித்தார். டப்பாவை மச்சானிடம் கொடுத்து மறுமுனைக்கு அனுப்பிவிட்டு, கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

மைக்கில் பெயர் முழங்கியது. 'இண்டஸ்ட்ரீஸ்' சேர்த்தே சொன்னார்கள். ஓனர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிடக் கையைத் தூக்கியபோதுதான் கயிறு போயிற்று. அது திட்டமிட்டு விட்டதா, தானாகப் போனதா என்பது இன்றுவரை வீட்டில் விவாதத்தில் இருக்கிறது.

எருது போயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டும், போனது போன விதம் அழகு. வாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, ஒரே சீராகப் பாய்ந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "அடடா, காலு எடுத்து வைக்கிறது பாரு" என்றார். அந்த நொடியில் ஓனர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் கவனித்தேன். எருதைப் பார்க்கவில்லை. எருதைப் பார்த்த பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கூட்டத்தை, அப்புறம் மைக்காரரை, அப்புறம் மேசையை. ஒரு வருஷச் சோறு கண்ணெதிரே ஓடுகிறது, மனிதர் ஒவ்வொரு முகமாகப் போய்த் தன் பேரைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

அதனால் எருது பாதி வழியில் நின்றதை அவர் பார்க்கவில்லை. மறுமுனையில் மச்சான் டப்பாவைக் குலுக்கத்தான் குலுக்கினார், பம்பையும் மேளமும் போட்ட சத்தத்தில் டப்பா எங்கே கேட்கும்? எருது தலையைத் தூக்கி எதிரே பார்த்தது. அங்கே ஓனர் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு திரும்பி, போனதைவிட வேகமாக, நேரே அவரிடம் ஓடி வந்து, வேட்டி மடிப்பில் மூக்கை வைத்துப் பருத்திக்கொட்டை தேடியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கேபிள் சேனல் கேமரா அதை மட்டும் முழுசாகப் பிடித்தது.

மேசையில் 'நேரம் இல்லை' என்று எழுதினார்கள். ஓனர் விடுவாரா?

"பாதி தூரம் போச்சா?"

"போச்சுங்க."

"பாதி தூரம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"அப்புறம் என்னய்யா? மொத்தத் தூரம் ஓடிடுச்சா இல்லையா?"

விழாக்குழுக்காரர் பொறுமைசாலி. "அண்ணா, அந்தப் பக்கக் கோட்டைத் தாண்டணும்ணா" என்றார். கோடு இந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் தாண்டியிருக்கிறதே என்று ஓனர் இன்னும் கால் மணி நேரம் வாதாடினார். கடைசியில் எல்லா ஓனருக்கும் போடும் துண்டு ஒன்றை இவருக்கும் போட்டு, முதுகைத் தட்டி அனுப்பினார்கள்.

ராத்திரி வீட்டில் வீடியோ ஓடியது. சாதாரண வேகத்தில் ஆறு தடவை, மெதுவாக்கி எத்தனை தடவையோ. பட்டறைப் பையன் ஒருவன் கால்குலேட்டரோடு உட்கார்ந்தான். திரும்பும் வரைக்குமான நேரத்தைப் பிரித்து, அதை இரண்டால் பெருக்கி, வந்த எண்ணை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, அடிக்கோடிட்டார்கள். அந்த எண்ணை வெற்றி பெற்ற எருதுகளின் நேரத்தோடு வைத்துப் பார்த்தால் மூன்றாவது இடம். அடுத்த அரை மணி நேரத்தில், மேளத்தைக் கழித்து இரண்டாவது இடம். தூங்கப் போகும்போது வெயிலையும் கழித்துவிட்டார்கள். மனைவி சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டே, "அதுக்காவது வீட்டு ஆளைத் தேடணும்னு தோணுச்சே" என்றார். அது எருதைப் பாராட்டியதா வேறெதுவுமா என்று விசாரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஆனேக்கலிலிருந்து ஒருவர் விலை கேட்டு வந்தார். வாங்கிய விலையைப்போல மூன்று மடங்கு சொன்னார் ஓனர். "ஓடவே இல்லையேண்ணா?" என்றார் வந்தவர். "போகச் சொன்னா போறதுக்கு ஆயிரம் எருது இருக்கு. தானா யோசிச்சுத் திரும்பி வந்த எருது இந்தியாவுல எத்தனை இருக்கு, சொல்லு பார்க்கலாம்?" வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்கு அந்தத் தரம் பார்க்கும் தம்பி வந்தான். வேனில் சரக்குப் பெட்டிகள். போன வாரம் போன புஷ் மொத்தமும் திரும்பி வந்திருந்தது. கேபிள் சேனல் வீடியோ அதற்கு முன்னாலேயே எல்லோர் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன சார், உங்ககிட்ட இருந்து போறது எல்லாமே திரும்பி வந்துடுது?" என்றான் தம்பி.

பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். ஓனர் பெட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். என் கணக்குப்படி அவர் வழக்கம்போல "சரிங்க சார்" என்றிருக்க வேண்டும். அவரோ பெட்டியைத் திறக்காமலே ஓரமாகத் தள்ளிவிட்டு, தம்பியின் தோளில் கையைப் போட்டு வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? காவேரிப்பட்டணம் பக்கம் விடறோம். உனக்குச் சத்தமா விசில் அடிக்க வருமா?"